பார்த்தாச்சு என்று அப்பா சொன்ன டிஸ்க்

சேலையூர்,
28-10-99.

அன்புள்ள திரிபுராவுக்கு அம்மாவின் ஆசீர்வாதம். நந்துக் கண்ணாவுக்கு ஆயிரம் முத்தம். இங்கே எங்கள் இருவருக்கும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, அங்கே உங்கள் இருவரையும் அம்பாள் பார்த்துக்கொள்ள வேண்டும். உடம்பைப் பற்றி எழுதியாகிவிட்டது, மனசைப் பற்றிக் கேட்காதே. ஞாயிற்றுக்கிழமை நீ போன் பேசி வைத்ததிலிருந்து அது ஓர் இடத்தில் உட்கார மாட்டேன் என்கிறது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலுக்குப் போகிறேன், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் திரும்பி வருகிறேன், அதற்குள் பால் பொங்கி மேடையெல்லாம் வழிந்து கிடக்கிறது. சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். நீ ஆக்லாந்திலிருந்து அனுப்பிய டிஸ்க்கை நாங்கள் இன்னும் பார்க்கவில்லை. பார்த்தாச்சு, ரொம்ப நன்றாக இருந்தது, எங்களுக்குப் பரம சந்தோஷம் என்று உங்கப்பா போனில் அளந்தாரே, அத்தனையும் புளுகு. நம் கம்ப்யூட்டர் அந்த டிஸ்க்கைப் படிக்கவே மாட்டேன் என்று அழிச்சாட்டியம் பண்ணுகிறது.

நீ எடுத்த எடுப்பில் டிஸ்க் பார்த்தீங்களாப்பா என்று கேட்டாயாம். மகள் ஆசையாக அனுப்பியிருக்கிறாள், இன்னும் பார்க்கவில்லை என்றால் முகம் வாடிப்போவாள், உள்ளே என்ன இருக்கப்போகிறது, நந்து பாட்டுப் பாடியிருப்பான், பள்ளிக்கூடத்தில் ஓடி ஜெயித்திருப்பான், நன்றாக இருந்தது என்று சொல்வதில் என்ன நஷ்டம் என்று நினைத்துச் சொன்னாராம். சரி, அத்தோடு வாயை மூடியிருக்கலாம். நீ உடனே, நிஜமாவாப்பா, உங்களுக்குச் சம்மதமா, அம்மாவுக்கும் சம்மதமா என்று கேட்டிருக்கிறாய். அந்த இடத்தில் ஒரு மனுஷன் நிதானிக்க வேண்டாமா? எதற்குச் சம்மதம் கேட்கிறாள் என்று ஒரு நிமிஷம் யோசிக்க வேண்டாமா? முன்னால் வைத்த காலைப் பின்னால் எடுக்க முடியாமல், பூரண சம்மதம்மா, உங்கம்மாவுக்கும்தான் என்று என்னையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார். நான் ஈரக்கையோடு ஓடி வந்து ரிசீவரை வாங்கினால் நீ அம்மா, அம்மா என்கிறாய், அழுகிறாய், நடுவில் சிரிக்கிறாய், லைன் கட்டாகிவிட்டது. எனக்கு ஒன்றும் புரியாமல் உங்கப்பாவைத் திரும்பிப் பார்த்தேன், அவர் முகம் வெளுத்துப் போய் நிற்கிறார்.

திருப்பிக் கூப்பிட்டு, நாங்கள் எதற்கடி சம்மதித்தோம் என்று கேட்டிருக்கலாம்தான். போனைக் கையில் எடுத்தேன், வைத்துவிட்டேன். முப்பது வருஷம் எக்ஸ்சேஞ்சில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஊரார் குரலைக் கேட்டவள் நான், யார் சந்தோஷமாகப் பேசுகிறார்கள், யார் சந்தோஷம் மாதிரிப் பேசுகிறார்கள் என்று எனக்குத் தெரியும். மாப்பிள்ளை போன இந்த நாலு வருஷமாக நீ சௌக்கியம்மா, நல்லா இருக்கோம்மா என்று சொல்வதெல்லாம் இரண்டாவது ரகம். ஞாயிற்றுக்கிழமை கேட்டது முதல் ரகம். அந்தக் குரலைக் கூப்பிட்டு உங்கப்பா சொன்னது பொய் என்று எப்படிச் சொல்வேன்? முதலில் டிஸ்க்கைப் பார்த்துவிடுவோம், எதற்குச் சம்மதம் சொன்னோம் என்று தெரிந்துகொள்வோம், பிறகு பேசுவோம் என்று உங்கப்பாவும் கெஞ்சினார். அன்றிலிருந்து இந்த வீட்டில் யாருக்கும் தூக்கம் இல்லை. மேடவாக்கம் மனையை விற்று அங்கே வீடு வாங்கப் போகிறாள் என்கிறார் அவர். அந்த மனை இப்போது முழங்கால் தண்ணீரில் நிற்கிறது, அதை யார் வாங்குவான்? எனக்கு வேறு பயம். நந்துவை அவன் அப்பா வழித் தாத்தா பாட்டியிடம் கும்பகோணத்துக்கு அனுப்பிவிட்டு நீ மேலே படிக்கப் போகிறாயோ, இல்லை பாஸ்போர்ட்டை மாற்றிக்கொண்டு அந்த நாட்டோடேயே இருந்துவிடப் போகிறாயோ என்று வேளைக்கு ஒன்று தோன்றுகிறது. எது தோன்றினாலும் அதற்கு நாங்கள் ஏற்கெனவே சம்மதம் கொடுத்தாகிவிட்டது.

டிஸ்க் எப்படிக் கெட்டது என்று கேட்பாய். அது வந்து சேர்ந்தது சரஸ்வதி பூஜைக்கு முதல் நாள். நல்ல நாளில் வந்திருக்கிறது, பூஜையில் வைத்துவிட்டு விஜயதசமியன்று போட்டுப் பார்க்கலாம் என்றார் உங்கப்பா, நானும் சரி என்றேன். ஆயுதம் என்று இந்த வீட்டில் வேறு என்ன இருக்கிறது, அரிவாள்மனையும் அந்தக் கம்ப்யூட்டரும்தான். மானிட்டருக்கு நெற்றியில் சந்தனம் குங்குமம், கீபோர்டுக்கு, மவுஸுக்கு, எல்லாவற்றுக்கும் வைத்தார். டிஸ்க்குக்கும் வைத்தார். எந்தப் பக்கம் தெரியுமா, பளபளவென்று கண்ணாடி மாதிரி இருக்குமே, அந்தப் பக்கம். அதுதானே முகம் என்கிறார். மறுநாள் அதை டிரைவுக்குள் போட்டால் விளக்கு மினுக் மினுக்கென்று எரிகிறது, கர்ர் கர்ர் என்று இழுக்கிறது, எதிர்முனையில் ரிங் போய்க்கொண்டே இருந்து யாரும் எடுக்காத மாதிரி அடங்கிவிடுகிறது. டிரைவ் தயாராக இல்லை என்று திரையில் இங்கிலீஷில் ஒரு வரி, அவ்வளவுதான். இதில் என் கைங்கரியமும் உண்டு, மறைப்பானேன். சந்தனக் கறைதான் காரணம் என்று நினைத்து, வெள்ளி விளக்குக்குப் போடுகிற மாதிரி விபூதி போட்டு அழுத்தித் தேய்த்தேன். முகம் பார்க்கலாம் போல ஆனது. போட்டால் மறுபடியும் கர்ர் கர்ர்தான். பிறகு உங்கப்பாவுக்குப் புத்தி வந்து, கம்ப்யூட்டர் வாங்கியபோது கொடுத்த தேவாரப் பாட்டு டிஸ்க்கைப் போட்டுப் பார்த்தார், அதையும் படிக்கவில்லை. அப்பாடா, கெட்டது டிரைவ்தான், மகள் அனுப்பியது பிழைத்தது என்று அன்றைக்குத்தான் மூச்சு வந்தது.

எதிர் வீட்டுக் கஸ்தூரிரங்கன் வீட்டில் டிஸ்க் போட்டுப் படம் பார்க்கிற மெஷின் இருக்கிறது, அங்கே போடலாமே என்றார் உங்கப்பா. நன்றாயிருக்கிறது யோசனை. உள்ளே என்ன இருக்கிறதென்று நமக்கே தெரியாது, அதை அந்த வீட்டு ஞானாம்பாள் முன்னால் திறந்தால் சாயங்காலத்துக்குள் கேம்ப் ரோடு முழுக்கத் தெரிந்துவிடும். தாம்பரத்து பிரவுசிங் சென்டரிலும் வேண்டாம் என்றுவிட்டேன். நம் வீட்டு விஷயம் நம் வீட்டில்தான் திறக்க வேண்டும். அதனால் நமக்குக் கம்ப்யூட்டர் மாட்டிக் கொடுத்த பொழிச்சலூர் சம்பத்தை வரச் சொன்னோம். மழையில் தொப்பலாக நனைந்து வந்தான், பாவம், காபி கொடுத்தேன். வந்தவன் உன் டிஸ்க்கையே உள்ளே போட்டு இரண்டு தட்டுத் தட்டினான், அது உள்ளேயே மாட்டிக்கொண்டது, பட்டனை அமுக்கினால் தட்டு வெளியே வர மாட்டேன் என்கிறது. இன்னாம்மா, டிரைவ் பூட்ச்சு, நான் பொட்டியோட தூக்கினு போய் புச்சு மாட்டி தீபாவளி கய்ச்சி எத்துனு வரேன் என்கிறான் சாவகாசமாக. எனக்குப் பகீரென்றது. பெட்டியை எடுத்துக்கொண்டு போனால் உன் டிஸ்க்கும் அல்லவா போகும், யார் கையில் கிடைக்குமோ, எவன் போட்டுப் பார்ப்பானோ? முடியாது, டிஸ்க்கை வெளியே எடுத்துக் கொடுத்துவிட்டு என்ன வேண்டுமானாலும் செய் என்று வாசற்படியில் நின்று வழிமறித்துவிட்டேன். அவனுக்குக் கோபம். இன்னா பேஜாரா கீதும்மா உன்னோட, உள்ள இன்னா தங்கமா வெச்சிக்கீறே என்றான். தங்கம்தான் போ என்றேன். விடுவிடுவென்று போய்விட்டான். உங்கப்பா, கோபித்துக்கொண்டு போகிற மாதிரிப் பேசிவிட்டாயே என்று என் மேல் பாய்கிறார். பார்த்தாச்சு என்று சொன்னவர் என்மேல் பாய்கிறாராம். இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே கரண்டும் போய்விட்டது, மழை விட்டபாடில்லை.

நேற்று அங்கே நிறுத்தியதை இன்று தொடர்கிறேன், திரிபுரா. நடுவில் நிறைய நடந்துவிட்டது. நான் எழுதிய பேனாவைக்கூட மூடவில்லை, கரண்டு திரும்பி வந்தது, உங்கப்பா சொல்லியனுப்பிப் பின்தெரு லாசரஸ் சாரின் மகள் பியூலாவும் வந்தாள். நீ போகும்போது பி.எஸ்சி. படித்துக்கொண்டிருந்தாளே, அவள்தான், இப்போது கம்ப்யூட்டர் சென்டரில் சொல்லிக் கொடுக்கிறாள், மழைக்கு லீவு விட்டதால் வீட்டில் இருந்தாள். வந்தவள் முதலில் கேபிள் லூஸ் என்றாள், கழற்றி மாட்டினாள், ஆகவில்லை. பிறகு வைரஸ் என்றாள், என்னென்னவோ தட்டினாள், உங்கப்பா வைரஸுக்கு மருந்து உண்டா என்று கேட்டு அவளைச் சிரிக்க வைத்தார், அதுவும் ஆகவில்லை. சென்டரில் இந்த மாதிரி வந்தா நாங்க டிரைவையே மாத்திடுவோம் ஆன்ட்டி, திறந்தெல்லாம் பார்த்ததில்லை என்று உண்மையைச் சொன்னாள். பரவாயில்லை, இதைத் திறந்து பார், கெட்டால் கெடட்டும், டிஸ்க் மட்டும் முழுசாக வர வேண்டும் என்றேன். கரண்டை நிறுத்திவிட்டு என் கொண்டை ஊசியை வாங்கி நேராக நிமிர்த்தினாள். டிரைவின் முகத்தில் ஊசி போகிற அளவுக்கு ஒரு துளை இருக்கிறது, இத்தனை நாள் என் கண்ணில் பட்டதே இல்லை, அதில் விட்டு அழுத்தினாள். தட்டு நாக்கை நீட்டுகிற மாதிரி மெதுவாக வெளியே வந்தது. தட்டெல்லாம் சிவப்பு. ஆன்ட்டி, இதுல யாராவது மிளகாய்ப்பொடி கொட்டினீங்களா என்று கேட்டாள் அந்தப் பெண். நான் உங்கப்பாவைப் பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்தார்.

மானிட்டருக்கும் மவுஸுக்கும் வைத்தவர் அத்தோடு விட்டாரா? டிஸ்க்கை வாங்கிக்கொள்கிற இடம் ஆயிற்றே, அதுதானே முக்கியம் என்று தட்டைத் திறந்து, அதற்குள்ளும் ஒரு சந்தனப் பொட்டு, அதன்மேல் தாராளமாகக் குங்குமம், காற்றில் பறந்துவிடப் போகிறதென்று உடனே மூடியும் வைத்திருக்கிறார். ஸ்க்ரூவைக் கழற்றித் திறந்தால் உள்ளே துவரம்பருப்பை விடச் சின்னதாக ஒரு கண்ணாடிக் கண், அதுதான் டிஸ்க்கைப் படிக்கிறதாம், அது குங்குமத்தில் முழுகிக் கிடக்கிறது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை, அதே நேரம் சிரிப்பும் வந்துவிட்டது, என்ன செய்ய? பியூலா மெடிக்கல் ஷாப்பிலிருந்து ஸ்பிரிட் வாங்கிவரச் சொல்லி, பஞ்சை ஊசி முனையில் சுற்றி, கண்ணில் விழுந்த தூசியை எடுக்கிற மாதிரி மூச்சைப் பிடித்துக்கொண்டு துடைத்தாள். எல்லாவற்றையும் பூட்டிவிட்டுத் தன் வீட்டிலிருந்து கொண்டுவந்த டிஸ்க்கைப் போட்டாள், சர்ச் கொயர் பாடிய கிறிஸ்துமஸ் பாட்டு. ஐப்பசி மழையில் நம் வீட்டு ஹாலில் கணீரென்று பாடியது, உங்கப்பா அறியாமல் கைகூப்பிவிட்டார். உன் டிஸ்க்கை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ஐயோ ஆன்ட்டி, இதை ஏன் தேங்காய் நார் போட்ட மாதிரி தேய்ச்சிருக்கீங்க, இடையில எங்கயாவது நின்னுடும் என்றாள். எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, அடுப்பில் குக்கர் வைத்திருப்பதாகச் சொல்லிக் கிளம்பிவிட்டாள். அவள் நல்ல பெண்.

கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தோம். மவுஸ் உங்கப்பா கையில். முதலில் ஒரு பார்க், பச்சைப் புல்வெளி. நந்து சைக்கிளில் உட்கார்ந்திருக்கிறான், என்னமாய் வளர்ந்துவிட்டான், அவன் அப்பாவின் காது அப்படியே. பின்னால் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஒருவர் ஓடி வருகிறார். முன் வழுக்கை, கண்ணாடி, நம்மைப் போல மாநிறம், நாற்பது இருக்கும், செருப்பு ஒன்று கழன்று போயும் நிற்காமல் மூச்சிரைக்க ஓடுகிறார். யார் இது, சைக்கிள் கடைக்காரனா என்று கேட்டார் உங்கப்பா. அவர் கையை விட்டதும் நந்து பத்தடி போய் விழுந்தான். குழந்தை அழுதுகொண்டே எழுந்து, படம் பிடிக்கிற உன்னிடம் வரவில்லை, அவரிடம் போய் முழங்காலைக் காட்டினான். அவர் புல்லிலேயே மண்டி போட்டு உட்கார்ந்து ஊதிவிட்டார். அப்போது நீ கேமராவுக்குப் பின்னாலிருந்து சிரித்தாய். அடுத்தது உன் வீடு, நீயும் அவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில். நீ நேராக எங்களைப் பார்த்து, அம்மா, அப்பா, இவர் பேர் என்றாய், அந்த இடத்தில் படம் நின்றுவிட்டது. நீ வாயைத் திறந்தபடி, அவர் கண்ணாடியைச் சரிசெய்தபடி. எத்தனை தரம் போட்டாலும் அங்கேதான் நிற்கிறது. நான் தேய்த்த தேய்ப்பு அப்படி.

உங்கப்பா விருட்டென்று எழுந்து மானிட்டரை அணைத்தார். பார்க்காமல் சொன்னது சம்மதம் ஆகுமா, எவனோ ஒருத்தன், பேர் தெரியாது, ஊர் தெரியாது, எந்த ஜனமோ, எந்த மதமோ, நான் சம்மதிக்கவில்லை என்று அவளுக்கு எழுது என்று கத்தினார். குடை கூட எடுக்காமல் கேட்டண்டை போய் நின்றுகொண்டார். நானும் ஒன்றும் பெரிய மனசுக்காரி இல்லை, திரிபுரா. ஹாலில் மாலை போட்ட மாப்பிள்ளை படம் அந்தக் கம்ப்யூட்டரைப் பார்த்தபடிதான் மாட்டியிருக்கிறது. அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் சமையலறைக்குப் போய் அழுதேன். உன்மேல் கோபம் கூட வந்தது, இத்தனை நாள் ஒரு வார்த்தை மூச்சு விட்டாயா, நான் என்ன உனக்கு வேற்று மனுஷியா என்று. அழுது முடித்தபோது என் காதில் நின்றது நீ சிரித்த சிரிப்பு ஒன்றுதான். உங்கப்பா நனைந்து உள்ளே வந்ததும் துண்டைக் கையில் கொடுத்துச் சொன்னேன். பார்க்காமல் சம்மதம் சொல்ல உங்களுக்கு வாய் வந்தது, பார்த்த பிறகு சொல்ல வரவில்லையா, நீங்கள் சொன்ன வார்த்தை கடல் தாண்டிப் போய் அவளைச் சிரிக்க வைத்தாகிவிட்டது, அதைத் திருப்பி வாங்க வேண்டுமானால் நீங்களே போன் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள், நான் நம்பர் சுழற்றித் தர மாட்டேன் என்றேன். அவர் ராத்திரி சாப்பிடவில்லை. இன்று காலை நான் கோலம் போட்டுவிட்டு உள்ளே வந்தால் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறார், சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு. நீ பேசுகிற இடம் வரை ஓடி நிற்கிறது, மறுபடி முதலிலிருந்து போடுகிறார். நான் பார்க்காத மாதிரி காபியைப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன்.

அதனால் அவர் சம்மதம் இப்போது எந்த நிலைமையில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது, தெரியாததை எழுத மாட்டேன், இந்த வீட்டில் ஒரு புளுகு போதும். என்னுடையதைத்தான் எழுத முடியும். ஞாயிற்றுக்கிழமை எனக்கும் சேர்த்து அவர் சொன்னார், நீ என்னைக் கேட்கவே முடியவில்லை. இப்போது நானே கண்ணால் பார்த்துவிட்டு என் கையால் எழுதுகிறேன். எனக்குச் சம்மதம். படம் நின்ற பிறகு நீ என்ன சொன்னாய் என்று எனக்குத் தெரிய வேண்டாம், அதெல்லாம் நீ யோசித்துத்தான் செய்திருப்பாய். அவர் பெயரை மட்டும் எழுது. நட்சத்திரம் இல்லாவிட்டால் போகட்டும், அர்ச்சனைத் தட்டோடு நிற்கும்போது குருக்களிடம் சொல்ல ஒரு பெயர் வேண்டாமா? கும்பகோணத்துக்கு நீயே முதலில் எழுதிவிடு, மாப்பிள்ளையைப் பெற்றவர்கள், மூன்றாம் மனுஷர் வாயிலாகத் தெரியக் கூடாது, நந்து அவர்களுக்கும் பேரன். தீபாவளிக்கு முறுக்கும் லேகியமும் பார்சல் அனுப்பியிருக்கிறேன், மூன்று பேருக்குக் காணாது, அடுத்த தரம் கூட்டி அனுப்புகிறேன். நந்து முழங்காலுக்கு மஞ்சள் போட்டாயா?

மாப்பிள்ளை போன பிறகு உனக்கு எழுதிய எந்தக் கடிதத்திலும் ஓர் ஆசீர்வாதத்தை மட்டும் எழுதாமல் விட்டிருக்கிறேன். அந்த இடம் வந்ததும் பேனா தாண்டிப் போய்விடும், நீயும் கவனித்திருப்பாய், கேட்டதில்லை. இன்று எழுதுகிறேன். தீர்க்க சுமங்கலியாக இரு, குழந்தையோடும் அவரோடும் அமோகமாக இரு.

ஒட்டப் போகும் நேரத்தில் உங்கப்பா வந்து நின்றார். அவளுக்கா என்றார். ஆமாம், உங்கள் பேரில் என்ன எழுதட்டும் என்றேன். கவரைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். பிறகு, நந்துவுக்கு இன்னும் பாலன்ஸ் வரவில்லை, அவசரப்பட்டு சீட்டை விட வேண்டாம், இன்னும் கொஞ்ச நாள் பிடித்துக்கொண்டே ஓடச் சொல்லி அவருக்கு எழுது என்றார்.

இப்படிக்கு,
உன் அன்பு அம்மா,
சா. அபிதகுஜாம்பாள்.